லீத் வீதிக்கு ட்ராம் வந்தது, கடைக்காரர்களுக்கு என்ன கிடைத்தது?

வீதியைத் தோண்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டாலே வியாபாரிக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கும் அப்படித்தான். சில வருடங்களுக்கு முன் என் கடைக்கு முன்னால் குழாய் பதிக்க வந்தார்கள். இரண்டு கிழமை வேலை என்றார்கள். ஒரு பகுதியினர் தோண்டி மூடிவிட்டுப் போக, அடுத்த மாதம் வேறொரு பகுதியினர் வந்து அதே இடத்தைத் திரும்பவும் தோண்டினார்கள். நோன்புப் பெருநாள் சீசன் முழுவதும் என் கடை வாசலில் ஒரு மண்மேடும், அதைக் கடக்க ஒரு பலகையும்தான். அந்தப் பலகையில் நடந்து வந்து புடவை எடுத்தவர்களின் பெயர்களை இன்றைக்கும் சொல்வேன். அவ்வளவு குறைவு. அந்த வருடம் வாங்கிப் போட்ட சரக்கில் பாதி அடுத்த பெருநாள் வரைக்கும் றாக்கையிலேயே கிடந்தது.

ஆகவே வீதி அபிவிருத்தி, புதிய ரயில், புதிய பாலம் என்று யாராவது பேச்செடுத்தால் முதல் ஆளாக எதிர்ப்பவன் நான்தான். எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் இதற்குச் சாட்சிகள் நிறைய இருக்கிறார்கள். 2024இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் இரண்டு கிழமை தங்கி வந்த பிறகு அந்த எண்ணத்தில் பாதி மாறிவிட்டது. மற்றப் பாதி ஏன் மாறவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் தங்கையின் மகன் அங்கே லீத் வோக் என்ற வீதியில் ஒரு சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். லீத் என்பது எடின்பரோவின் பழைய துறைமுகப் பகுதி. நகரத்தின் நடுவிலிருந்து துறைமுகத்தை நோக்கி இறங்கும் அந்த வீதி ஒரு மைலுக்குச் சற்று கூட. இரு பக்கமும் கீழே கடை, மேலே நான்கைந்து மாடி வீடுகள். ஸ்கொட்லாந்திலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் இடங்களில் அதுவும் ஒன்று. பாகிஸ்தானியர், போலந்துக்காரர், இத்தாலியர் என்று எல்லோருக்கும் அங்கே கடை உண்டு. நம்மூர்க் கடைத்தெருவைக் குளிர்ப் பிரதேசத்தில் கொண்டுபோய் வைத்தது போல் இருக்கும்.

போன மறுநாள் காலை மருமகனின் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே நீளமான ட்ராம் ஒன்று சத்தமில்லாமல் ஊர்ந்து போனது. சிறிது நேரத்தில் இன்னொன்று. கையில் கடிகாரம் இருந்ததால் பார்த்தேன், ஏறக்குறைய ஏழு நிமிடத்துக்கு ஒன்று.

"இது வந்து வியாபாரம் எப்படி?" என்று கேட்டேன்.

"இப்ப நல்லா ஈக்கி மாமா. ஆனா வேல நடந்த காலத்துல வாசல்ல வேலி போட்டீந்திச்சு. அந்த நேரம் நீங்க வந்து கேட்டீந்தா கடைய வித்துட்டு ஊருக்கு வாரேன்டு சென்னீப்பேன்" என்றார்.

இந்த ஒரு பதிலுக்குள் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள அந்த ட்ராமின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எடின்பரோவில் பழைய ட்ராம் வண்டிகள் 1956 நவம்பரில் நிறுத்தப்பட்டன. அக்காலத்தில் உலகமெங்கும் இதுதான் போக்கு. பஸ்ஸும் காரும் வந்துவிட்டன, ட்ராம் வழியை மறிக்கிறது என்றார்கள். அரை நூற்றாண்டு கழிந்த பின் வீதியில் கார் அசைய இடமில்லாமல் போனபோது, மீண்டும் ட்ராம் போடத் தீர்மானித்தார்கள். 2008இல் தண்டவாள வேலை தொடங்கியது. விமான நிலையத்திலிருந்து நகர நடுவுக்கு வந்து, லீத் வோக் வழியாக இறங்கி, கடற்கரையில் நியூஹேவன் வரை போவது என்பது திட்டம். செலவு 54 கோடி 50 இலட்சம் பவுண். 2011இல் ஓடும் என்றார்கள்.

ஓடவில்லை. நிலத்துக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று சரியாகத் தெரியாமல் தோண்டினார்கள். கொந்தராத்துக்காரர்களுக்கும் மாநகர சபை அமைத்த கம்பனிக்கும் இடையே பிணக்கு மூண்டது. வேலை நின்றது, தொடங்கியது, மறுபடி நின்றது. கடைசியில் பணம் போதாமல் பாதையைப் பாதியில் வெட்டினார்கள். 2014 மே 31இல் விமான நிலையத்திலிருந்து யோர்க் பிளேஸ் என்ற இடம் வரை மட்டும் 14 கிலோமீற்றர் ஓடத் தொடங்கியது. செலவோ 77 கோடி 60 இலட்சம் பவுண். குறைந்த பாதை, கூடிய விலை, மூன்று வருடத் தாமதம். இதைப் பற்றி ஹார்டி பிரபு தலைமையில் ஒரு விசாரணை நடந்தது. அதன் அறிக்கை 2023 செப்டெம்பரில்தான் வந்தது. ட்ராம் போட்ட காலத்தை விட விசாரித்த காலம் அதிகம்! பிரதான பொறுப்பு மாநகர சபையின் அந்தக் கம்பனிக்கே என்று அறிக்கை சொன்னது.

இதில் லீத் வோக் கடைக்காரர்களுக்கு நடந்ததுதான் பெரிய அநியாயம். ட்ராமுக்காகக் குழாய்களை மாற்றுகிறோம் என்று அவர்களுடைய வீதியை முதலிலேயே தோண்டிவிட்டார்கள். கடைக்காரர்கள் நட்டத்தைத் தாங்கிக்கொண்டு காத்திருந்தார்கள். பிறகு பாதை வெட்டப்பட்டபோது ட்ராம் லீத் வோக்கின் தலைப்பை எட்டுவதற்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. நட்டம் மட்டும் வந்து சேர்ந்தது, ட்ராம் வரவில்லை. ஒன்பது வருடம் இந்த நிலை. நானாக இருந்தால் இரண்டாம் முறை அந்தப் பெயரை எடுக்கவே விட்டிருக்க மாட்டேன்.

ஆனால் மாநகர சபை 2019 மார்ச்சில் மீண்டும் வாக்கெடுத்தது. மிச்சப் பாதையையும் போட்டு நியூஹேவன் வரை நீட்டுவது என்று தீர்மானித்தது. இவ்வளவு அவமானப்பட்ட பிறகு இது என்ன துணிச்சல் என்று எனக்குத் தோன்றியது. கணக்கைப் பார்த்தபோது விளங்கியது.

முதல் திட்டத்தின்போதே முழுப் பாதைக்கும் தேவையான 27 ட்ராம்களையும் வாங்கியிருந்தார்கள். ஒவ்வொன்றும் 42.8 மீற்றர் நீளம். 250 பேர் ஏறலாம். பாதை குறுகியதால் எல்லா வண்டிகளுக்கும் வேலையில்லை. வண்டிகளை நிறுத்தவும் திருத்தவும் கட்டிய பெரிய பணிமனையும் அப்படித்தான். நம் மொழியில் சொன்னால், நான்கு கடைக்குச் சாமான் வாங்கிக் களஞ்சியத்தில் அடுக்கிவிட்டு மூன்று கடையை மட்டும் திறந்து வைத்திருந்த நிலை. நான்காவது கடையைத் திறக்க வாடகையும் கதவும் போதும், சாமான் ஏற்கெனவே இருக்கிறது. அதனால்தான் நீட்டிப்புக்குப் புதிய வண்டி ஒன்றுகூட வாங்கத் தேவைப்படவில்லை. 4.69 கிலோமீற்றர், எட்டுத் தரிப்பிடங்கள், 20 கோடி 73 இலட்சம் பவுண். கடன் வாங்கி, வரப்போகும் டிக்கெட் பணத்திலிருந்து திருப்பிக் கட்டுவதாக ஏற்பாடு.

இன்னொன்றும் உண்டு. முதல் பாதை விமான நிலையத்தையும் அலுவலகங்களையும் நகர நடுவையும் இணைத்தது. மக்கள் நெருக்கமாகக் குடியிருக்கும் லீத்தைத் தொடவில்லை. சந்தைக்குப் போகும் பாதை இருக்கிறது, ஆனால் ஊருக்குள் வரவில்லை என்றால் அந்தப் பாதையால் யாருக்கு முழுப் பலன்? பொதுப் போக்குவரத்தில் ஒரு தரிப்பிடத்தைக் கூட்டினால் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் நன்மை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் போக இன்னோர் இடம் கிடைக்கிறது. பழைய பாதையின் பெறுமதியும் கூடுகிறது.

தொகையைப் பாருங்கள். ஓடத் தொடங்கிய முதல் வருடத்தில் ஏறக்குறைய 49 இலட்சம் பயணங்கள். கொவிட்டுக்கு முந்திய 2019இல் ஏறக்குறைய 75 இலட்சம். நீட்டிப்பு 2023 ஜூன் 7இல் திறக்கப்பட்டது. அடுத்து வந்த 2024ஆம் வருடத்தில் 1 கோடி 20 இலட்சத்தைத் தாண்டியது. பாதை கூடியது மூன்றில் ஒரு பங்கு, பயணங்கள் கூடியது அறுபது வீதம். இதில் விமான நிலையத்துக்கு வரும் உல்லாசப் பயணிகளின் பங்கும் உண்டு, எல்லாப் புகழும் நீட்டிப்புக்கே என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வியாபாரி ஒருவன் மூன்றில் ஒரு பங்கு முதல் போட்டு இப்படி ஒரு ஏற்றத்தைக் கண்டால் அடுத்த கிளைக்கு இடம் தேடுவான்.

இரண்டாம் முறை எப்படித் தோண்டினார்கள் என்பதைத்தான் நம்மவர்கள் கவனிக்க வேண்டும்.

ஓர் இடத்தை ஒரு தடவைதான் மூடுவது என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்தார்கள். அந்தத் துண்டில் நீர்க்குழாய், எரிவாயு, மின்கம்பி, தொலைபேசிக் கம்பி எல்லாவற்றையும் ட்ராம் ஓடும் அகலத்திலிருந்து விலக்கிவிட்டுத் தண்டவாளம் போட்டு, நடைபாதையையும் முடித்த பிறகே திறப்பது. ஆளுக்காள் வந்து தோண்டும் வேலை இல்லை. என் கடை வாசல் பலகையை நினைத்துக்கொண்டேன். 2019 நவம்பரில் தொடங்கிய வேலை கொவிட்டினால் 2020இல் சில மாதம் நின்றது. கொன்ஸ்டிடியூஷன் வீதியில் பழைய தேவாலயத்துக்கு முன்னால் தோண்டியபோது முந்நூற்று ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் வெளிவந்தன. பல நூறு வருடங்களுக்கு முன் அடக்கப்பட்டவர்கள். அவற்றை மரியாதையாக எடுத்து முடிக்கவும் காலம் பிடித்தது. அப்படியிருந்தும் மூன்றரை வருடத்தில் முடித்து, ஒதுக்கிய பணத்துக்குள் நின்றார்கள்.

கடைக்காரர்களுக்கென்று 24 இலட்சம் பவுண் தனியாக ஒதுக்கினார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது சாமான் இறக்கும் ஏற்பாடு. வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் லொறி நிறுத்த இடம் ஒதுக்கி, அங்கிருந்து கடைக்குச் சாமானைக் கொண்டுவர ஆட்களையும் வைத்தார்கள். பலசரக்கு வியாபாரிக்கு இதன் அருமை தெரியும். வாடிக்கையாளர் ஒருவர் நடந்து வருவார், அரிசி மூடை நடந்து வராது. "அந்த ஆக்கள் இல்லாட்டி அரிசியக் கொண்டுவாரது எப்படி?" என்று மருமகனே சொன்னார். ஆனாலும் விற்பனை விழுந்தது விழுந்ததுதான். அவர் மனைவியின் சம்பளத்தில்தான் சில மாதம் வீடு நடந்தது. அந்த வீதியில் எல்லோருக்கும் அப்படி இரண்டாவது சம்பளம் இருந்திருக்காது.

பிரான்ஸில் இதைவிட நல்ல முறை ஒன்று உண்டு. ஸ்ட்ராஸ்பூர்க் நகரம் 1994இல் புதிய ட்ராமைத் தொடங்கியது. அதன்பின் வரிசையாகப் பல பிரெஞ்சு நகரங்கள் தொடங்கின. அங்கெல்லாம் வேலை நடக்கும் காலத்தில் கடைக்காரர்களின் இழப்பைப் பார்த்து நட்டஈடு தீர்மானிக்கும் குழுக்களை அமைப்பது வழக்கம். முந்திய வருடங்களின் கணக்குப் புத்தகத்தைக் காட்டி, எவ்வளவு குறைந்தது என்று நிரூபிக்க வேண்டும். வழக்காட வேண்டியதில்லை. இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. வருமான வரிக்கு ஒரு புத்தகமும் தனக்கு ஒரு புத்தகமும் வைத்திருப்பவர் எந்தப் புத்தகத்தைக் கொண்டு போவார்?

சரி, இப்போது நன்மைக்கு வருவோம். ஒரு ட்ராமில் 250 பேர் என்றேன். நம்மூரில் ஓட்டோ ஒன்றில் மூன்று பேர் என்று வைத்தால் 84 ஓட்டோக்கள் வேண்டும். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் 200 மீற்றருக்கு மேல் வரும். ட்ராம் எடுப்பது 43 மீற்றர். கடைக்கு முன்னால் இருக்கும் வீதி நமக்கு வாகனம் நிறுத்தும் இடமாகத் தெரிகிறது. அதே இடத்தால் ஒரு மணித்தியாலத்தில் எத்தனை மனிதர் போகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் கதை வேறு.

தரிப்பிடத்தில் நிற்பவர் சும்மா நிற்கமாட்டார். முன்னால் இருக்கும் கண்ணாடியைப் பார்ப்பார். காரில் போகிறவருக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. ட்ராமின் தளமும் தரிப்பிடத்தின் தளமும் ஒரே மட்டம். ஆகவே குழந்தை வண்டி தள்ளும் தாய்மார், சக்கர நாற்காலியில் இருப்பவர், கைத்தடியோடு வரும் முதியவர் எல்லோரும் உதவியின்றி ஏறி இறங்குகிறார்கள். வீட்டுச் சாமான் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தாம். நான் இருந்த நாட்களில் நியூஹேவனிலிருந்து ஒரு மூதாட்டி சக்கரம் வைத்த பையோடு இரண்டு தடவை வந்து பருப்பும் மசாலாவும் வாங்கினார். முன்பு பஸ்ஸில் பையை ஏற்றுவது கஷ்டம், வருவதில்லை என்றார். இப்படி ஒருவர் வந்தால் பத்துப் பவுண். கிழமைக்கு இரண்டு தடவை என்றால் வருடத்துக்கு ஆயிரம். பெரிய கடைக்கு இது தூசு. சிறிய கடை இந்த மூதாட்டிகளால்தான் நிற்கிறது.

தண்டவாளத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. பஸ் பாதையை நாளைக்கே மாற்றலாம். ட்ராமை அப்படி மாற்ற முடியாது. இன்னும் இருபது வருடத்துக்கு இந்த இடத்தில் ஆட்கள் இறங்குவார்கள் என்ற நம்பிக்கையில் முதல் போடலாம்.

இனி என் மனதில் மாறாத பாதியைச் சொல்கிறேன். ட்ராம் வாடிக்கையாளரைக் கொண்டும் வரும், கொண்டும் போகும். லீத் வோக்கின் மேல் முனையில் பிக்கார்டி பிளேஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் 2021இல் ஒரு பெரிய வணிகத் தொகுதி திறக்கப்பட்டது. லீத்தில் ஏறுகிறவர் சில நிமிடத்தில் அங்கே இறங்கலாம். ஆடை, சப்பாத்து விற்கும் சிறிய கடைக்கு இது நல்ல செய்தியல்ல. உணவு, முடி திருத்தல், போன் திருத்தல், பலசரக்கு போன்ற, பக்கத்திலேயே வேண்டிய வியாபாரங்களுக்கு அவ்வளவு பயமில்லை. தளபாடம் விற்பவருக்கோ இன்னும் கஷ்டம். அலுமாரியை ட்ராமில் ஏற்ற முடியாதே. வாகனம் நிறுத்தும் இடமும் குறைந்துவிட்டது. புதிதாகப் போட்ட சைக்கிள் பாதை ஓரிடத்தில் பாம்பு போல் வளைந்து வளைந்து போக, 2022இல் ஊரே சிரித்தது.

எல்லாவற்றிலும் பெரியது வாடகை. ஆட்கள் கூடினால் கட்டடக்காரருக்கும் கண் இருக்கிறது. ட்ராம் தந்த இலாபத்தை அடுத்த ஒப்பந்தத்தில் அவர் எடுத்துக்கொள்வார். மருமகன் புத்திசாலி. நீட்டிப்பு வேலை தொடங்கிய காலத்தில், வீதி நாறிக் கிடந்தபோதே நீண்ட ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். அந்த நேரம் கட்டடக்காரருக்கும் வேறு ஆள் கிடைக்கவில்லை. தோண்டும் காலத்தில் வாடகை பேசாமல், திறந்த பிறகு பேசப் போனவர்கள் இப்போது கையைப் பிசைகிறார்கள்.

எடின்பரோவில் 2025 ஓகஸ்டில் அடுத்த பாதைக்கும் மக்கள் கருத்தைக் கேட்கத் தொடங்கினார்கள். வடக்கே கிராண்டனிலிருந்து தெற்கே பெரிய வைத்தியசாலைப் பக்கம் வரை. மரங்கள் அடர்ந்த பழைய ரயில் பாதை ஒன்றின் வழியாகப் போவதா, வீதி வழியாகப் போவதா என்று பெரிய விவாதம். மரப் பாதையில் போட்டால் தோண்டுவது சுலபம், ஆனால் அங்கே கடை இல்லை. நான் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

இதையெல்லாம் பார்த்து வரும்போது என் மர்ஹூம் வாப்பாவின் ஞாபகம் வந்தது. மருதானையில் தையல் கடையொன்றில் வேலை பழகிய காலத்தில் கொழும்பு ட்ராமில் போனதைப் பற்றி அடிக்கடி சொல்வார். கொழும்பில் மின்சார ட்ராம் 1899இலேயே ஓடியது. கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கு ஒன்று, மருதானை வழியாகப் பொரளைக்கு ஒன்று. 1929இல் ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் நகரத்தையே உலுக்கியது. 1944இல் மாநகர சபை பொறுப்பேற்றது. 1960இல் முற்றாக நிறுத்திவிட்டார்கள். தண்டவாளம் போன பிறகு வந்தது என்ன என்பதைப் புறக்கோட்டையில் ஒரு மணித்தியாலம் ஹோர்ன் சத்தத்துக்குள் நின்றவருக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

பிறகு மாலபேயிலிருந்து கோட்டை வரை ஜப்பானியக் கடனில் இலகு ரயில் என்று 2019இல் ஒப்பந்தம் செய்தார்கள். 2020 செப்டெம்பரில் ரத்துச் செய்தார்கள். அது தூண்களின் மேல் போகும் ரயில், வீதியில் ஓடும் ட்ராம் அல்ல. மேலே போகிறவருக்கு என் கடைக் கண்ணாடி தெரியாது என்று அன்றைக்கு நானும் சந்தோஷப்பட்டேன். இன்றைக்கு யோசித்தால், இறங்கும் இடத்தில் அவர் நடந்துதானே ஆக வேண்டும்?

ஊர் திரும்பிய அடுத்த கிழமை எங்கள் சங்கக் கூட்டத்தில் இந்த விஷயத்தை எடுத்தேன். இனிமேல் எந்த வீதி வேலைத் திட்டம் வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பதை விட்டுவிட்டு, ஒரே தடவை தோண்டுவது, சாமான் இறக்க இடம், நட்டஈட்டுக்கு ஒரு குழு, முடிக்கும் திகதி ஆகியவற்றை எழுத்தில் கேட்போம், தந்தால் நாமே ஆதரிப்போம் என்று சொன்னேன். இவ்வளவு காலமும் எதிர்த்த ஆள் இப்படிப் பேசுகிறாரே என்று சபையில் கொஞ்ச நேரம் ஒரே அமைதி. பின்வரிசையில் இருந்த இரும்புக் கடை முதலாளிதான் எழுந்தார்.

"ஹாஜியார், ட்ராம் வாரது பொறகு வரட்டும். உங்கட கடைக்கு முன்னால அன்டைக்கித் தோண்டின குழி இன்னம் ஒழுங்கா மூடல்ல. மொதல்ல இந்தக் கடுதாசிய அதுக்கு எழுதிப் பாப்போம்" என்றார்.

எழுதி அனுப்பியிருக்கிறோம். பதில் வந்தால் இந்தப் பகுதியிலேயே தருகிறேன்.